முப்பது லாரி பிளைவுட்

சித்தியை ஜெயிலில் போட்டால் எனக்கென்று வேறு யாரும் இல்லை. அதனால்தான் அவள் செய்ததைக் கண்ணால் பார்த்தும் நான் மூச்சுக் காட்டவில்லை.

சித்திக்கு வர்த்தகத் துறையில் வேலை. பக்கத்து நாட்டுக்கு நாம் எத்தனை லாரி பிளைவுட் அனுப்பினோம், எத்தனை லாரி வந்ததாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று வருடா வருடம் ஒப்பிட வேண்டும். நம் கணக்கு நீலக் கோடு. அவர்களுடையது சிவப்பு. இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்.

ஒரே ஒரு வருடம்தான் பிரிந்தன. இங்கே வருடக் கடைசியில் கிளம்பிய லாரிகள் அங்கே புது வருடத்தில் போய்ச் சேர்ந்ததால் வந்த குழப்பம். அதைச் சரிபார்க்க அந்த நாட்டு அதிகாரி ஒருவர் வந்து போனார். சுருட்டைமுடிக்காரர்.

அதற்குப் பிறகு சித்தி ஒரு மாதிரி ஆகிவிட்டாள். வீட்டிலும் கம்ப்யூட்டரில் அந்தக் கோடுகளையே வெறித்துக்கொண்டிருப்பாள். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன்.

"அதாண்டி பிரச்சினையே" என்றாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம், அவள் நீலக் கோட்டின் கடைசி எண்ணை அழித்துவிட்டு வேறு எண்ணைத் தட்டினாள். கோடு பிய்த்துக்கொண்டு மேலே போனது. சித்தி பாட்டு முணுமுணுத்தாள். இவளுக்கும் கடத்தல்காரர்களுக்கும் என்ன கூட்டோ, அந்தச் சுருட்டைமுடி என்ன சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாரோ.

இன்று காலை கண்காணிப்பு அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் நாற்காலி அழுதது. எனக்கும் அழுகை வந்தது.

"ரெண்டு கணக்குக்கும் நடுவுல முப்பது லாரி சரக்கைக் காணோமேம்மா. யாருக்கு வித்தீங்க?"

ஒரு பலகைகூடத் தொலையவில்லை, எண்ணைக் கூட்டிப் போட்டது மட்டும் தன் வேலைதான் என்றாள் சித்தி. வருட அறிக்கை அச்சுக்குப் போகுமுன் தானே திருத்தியிருப்பாளாம். அவர் நம்பாமல் எல்லைச் சாவடிக்கு போன் போட்டார். எல்லா லாரியும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. அவருக்குத்தான் தலை சுற்றியது.

"பின்ன எதுக்கும்மா இந்த வேலை?"

சித்தி தரையைப் பார்த்தாள். "கணக்கு ஒத்துப்போச்சுன்னா ஒரு மெயிலோட முடிஞ்சிடும் சார். ஒத்துப்போகலைன்னாதான் அந்த நாட்டு அதிகாரி நேர்ல வந்து உட்காரணும். விதி அப்படி."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அதுக்காக முப்பது லாரியா?"

சித்தி சட்டென்று நிமிர்ந்தாள். "முப்பதா? நான் பதினஞ்சுதானே சார் கூட்டினேன்."

அவர் மறுபடி கணக்குப் பார்த்தார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, "மீதிப் பதினஞ்சை அந்த நாட்டு அதிகாரி அவர் பக்கத்துல குறைச்சிருக்காரும்மா. இனி உங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உட்கார வெச்சுத்தான் விசாரிக்கணும்" என்றார்.