இருபது மீனும் ஒரு பென்சிலும்

நீல வெளிச்சம் கீழேயிருந்து அடிக்க, ஜெல் தட்டின் மேல் குனிந்திருக்கிறாள் ஆராய்ச்சிக்காரி. ஜன்னலில் மத்தியான வெயில். மூலையில் குளிர்பெட்டி கும்பகர்ணனாய்க் குறட்டை விடுகிறது. ஊரே ஒரே மீன் என்பதை இரண்டு இனம் என்று ஐந்து வருடமாய் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டுகிறாள். பக்கத்து ஜாடியில், ஸ்பிரிட்டுக்குள், பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத இருபது மீன்கள்: அதே வெள்ளி, அதே முழி. மரபணு ஒன்றுதான் சாட்சி. ஜெல்லில் மீனுக்கு ஒன்றாய் மரபணுக் கோடுகள் தெளிகின்றன. பன்னிரண்டு மேலே, எட்டு கீழே, நடுவில் ஒன்றுகூட இல்லை.

"ஜெயிச்சுட்டீங்கம்மா," என்கிறார் அட்டெண்டர். "இனிமேலாவது தூங்குங்க."

சிரிப்பதற்கு வாய் கொஞ்சம் யோசிக்கிறது. எந்த மீன் எந்தக் கோடு என்று இன்று மாலை பட்டியல் கொடுத்தால்தான் ஆய்வு ஏற்கப்படும். முதல் மீனை இடுக்கியால் தூக்குகிறாள். செவுளில் கட்டிய எண் சீட்டு பச்சைக் குழந்தையின் மனசுபோல் வெள்ளையாக இருக்கிறது. அடுத்ததும் அப்படியே. ஸ்பிரிட் மட்டும் லேசாய் நீலம் பூத்திருக்கிறது.

"பேனாவுல எழுதினது யாரும்மா?"

"நான்தாண்ணே. அன்னிக்கு பென்சில் கிடைக்கல."

"ஆக, ரெண்டு ஜாதி இருக்கு. யாரு எதுன்னுதான் தெரியல."

"மறுபடி துடுப்பு வெட்டி மரபணு எடுக்கணும்ணே. இருபதுக்கும்."

அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவுகிறார். அவள் மீனைப் புரட்டிப்போட்டு, இன்னும் வெட்டாத மறுபக்கத் துடுப்பில் கத்தரியை வைக்கிறாள்.