வியாழக்கிழமை வரைக்கும்

"டாக்டர், வியாழக்கிழமை வரைக்குமாவது அப்பாவை எப்படியாவது காப்பாத்துங்க!"

லயனல் எம்.பி. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். கட்டிலில் வெல்டன்மூர் பிரபுவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

தங்கை ஹொனோரியாவுக்குக் கண் கலங்கியது. "வருஷக்கணக்கா அப்பாகிட்ட முகம் கொடுத்துப் பேசாதவன் நீ. உள்ளுக்குள்ள இவ்வளவு பாசமா அண்ணா?"

"பேசாதே! அந்த சூப்பைக் கொடு."

லயனல் நீட்டிய கரண்டியைக் கிழவர் தள்ளிவிட்டார். "போதும்டா. என்னைப் போக விடு."

"விடமாட்டேன்! நீங்க சாகவே கூடாதுப்பா!"

கிழவரின் முகம் மலர்ந்தது. மகனின் கன்னத்தைத் தடவினார். "இந்த வார்த்தை போதும்டா எனக்கு" என்றவர் நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார்.

வாசலில் நின்ற தலைமைப் பணியாளர் லயனலிடம் வந்து குனிந்து வணங்கினார். "உத்தரவு என்ன, பிரபுவே?"

லயனல் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அழாதே அண்ணா. அப்பாவோட பட்டம், மாளிகை எல்லாம் இனி உனக்குத்தானே?"

"அதுக்குத்தான் அழறேன்! பிரபுவா இருக்கிறவன் எம்.பி.யா இருக்கக் கூடாதுன்னு சட்டம். பட்டம் வந்த நிமிஷமே எம்.பி. பதவி போயிடும். வியாழக்கிழமை கட்சியில என்னைப் பிரதமராக்க இருந்தாங்க. அதுவரைக்கும் பொறுக்க முடியலையே இந்தக் கிழவனுக்கு!"