ஷட்டர் திறந்தால் எரியும் பல்பு

"எரியுதா, டெய்லரம்மா?"

கீழே கராஜிலிருந்து கணவர் கேட்டார். ஷட்டரை அரை ஆள் உயரத்துக்குத் தூக்கித் தோளில் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

மாடியில், தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில், விரல் நுனி அளவுப் பச்சை பல்பு எரிந்தது.

"எரியுது. இறக்குங்க, தோள்பட்டை போயிடப் போகுது."

இறக்கினார். அணைந்தது. மறுபடி தூக்கினார். எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதே விளையாட்டு.

ஊசி விரலில் ஏறியதால் வந்த வேலை இது.

அவளுக்குத் திரைச்சீலை தைக்கும் தொழில். மோட்டார் மெஷின் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. அவர் வேலை முடிந்து வருவார், வேனை உள்ளே விடுவார், மாடியேறி வந்து சத்தமில்லாமல் பின்னால் நின்று அவள் பிடரியில் கை வைப்பார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இருபத்திரண்டு வருஷமாக அவளும் தூக்கிவாரிப்போட்டு எழுந்து திட்டுவாள்.

முந்தின மாதம், திட்ட வாயெடுக்கும் முன்பே ஊசி நகத்தைத் துளைத்து அந்தப் பக்கம் போய்விட்டது. அவர்தான் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ கழித்துப் போட்ட லிஃப்டின் கதவு சுவிட்சைக் கொண்டுவந்து ஷட்டரில் பொருத்தினார். மாடி எண் காட்டும் பலகையிலிருந்து பல்பைக் கழற்றினார். படிக்கட்டுச் சுவரோரமாக ஒயரை ஆணியடித்து மேலே ஏற்றினார்.

"லிஃப்ட்ல கதவு தொறந்திருந்தா பெட்டி நகராது. இங்க பல்பு எரிஞ்சா உன் கால் பெடல்ல இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

"யாரு போட்ட சட்டம்?"

"குத்து வாங்கினவ கேக்குற கேள்வியா இது?"

மறுநாள் நாலு மணிக்கே பல்பு எரிந்தது.

வழக்கமாக ஆறரை ஆகும். புது பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தாள். திரும்பவில்லை.

மெஷின் நின்றதால், இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் படியேறும் சத்தம் கேட்டது. இவ்வளவு மெதுவாகவா ஏறுவார்?

சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"சட்டப்படி கால எடுத்துட்டேன். ம், கைய வைங்க."

கை வரவில்லை.

கழுத்தைக் குனிந்து கொடுத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பியபோது, அவரோடு வேலை பார்க்கும் அவர் தம்பி, அண்ணனின் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு லிஃப்ட் அறைப் படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்பதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகு நேரமானது. கீழே ஷட்டரை யாரும் இறக்கவில்லை. பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

வேன் இப்போது கொழுந்தனிடம். ராத்திரிக்கு இங்கேதான் நிறுத்துகிறான். ஷட்டரைத் தூக்கும் முன் தெருவிலிருந்தே போன் செய்வான். மேசையில் போன் அதிர்வதைப் பார்த்து எடுப்பாள்.

"அண்ணி, நாந்தான் வர்றேன்."

பல்பு அண்ணியை ஏமாற்றிவிடக் கூடாதே என்று அவனாகவே யோசித்துச் செய்தது. நாலு மாதம் ஒரு நாளும் தவறவில்லை.

பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள்.

"இனிமே போன் பண்ணாத, தம்பி. சும்மாவே தொறந்து வா."

மறுநாளிலிருந்து அவன் போன் செய்யவில்லை.

அதற்கப்புறம் பல்பு எரியும், அவள் பெடலிலிருந்து காலை எடுப்பாள், திரும்ப மாட்டாள். கீழிருந்து மேலே பதினான்கு படிகள். பதினான்கு படிகளுக்கும் வருவது யாரென்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. அவனும் அவசரமில்லாமல்தான் ஏறுகிறான். கடைசிப் படியில் நின்று ஒருமுறை செருமுவான்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். சுவரோரம் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே மாடியேறியவள், அறை வாசலில் நின்று மெஷினையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா எதுக்கும்மா இவ்வளவு மெனக்கெட்டாரு? மெஷினத் திருப்பிப் போட்டிருந்தா உனக்கு வாசல் தெரிஞ்சிருக்குமே. வர்றவங்களப் பாத்துக்கலாமே."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத் தோணல போல" என்றாள்.

தோன்றியது. விரலில் கட்டோடு வந்த அன்றே தோன்றியது. மெஷின் மேசையின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார். மறுபக்கத்தை, நல்ல கையால், அவள் பிடித்தாள். திருப்பிவிட்டால் முகம் வாசலைப் பார்க்கும். பிடரி சுவர்ப் பக்கம் போய்விடும். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"கனமா இருக்கு" என்றார் அவர்.

"ஆமாங்க, ரொம்ப கனம்" என்றாள் அவள்.

அந்த மேசைக்கு அடியில் நான்கு சக்கரங்கள் உண்டு. ஒரு விரலால் தள்ளினால் இன்றைக்கும் நகரும்.