எதிரில் தூக்கிய கை

மொட்டைத் தலையன் மறுபடி கையைத் தூக்கினான்.

"பதினாலு மில்லியன்!" என்றார் ஏலக்காரர், தனக்கே லாட்டரி விழுந்ததுபோல.

கோரி டன்மோர் பல்லைக் கடித்தான். கிழவி பெவர்லி கின்கேடின் பழைய செங்கல் வீட்டுக்கு ஒன்பதே அதிகம். அதுவும் வாங்கிய மறுவாரம் இடித்துத் தள்ளப் போகிற வீடு.

மெல்போர்னில் சனிக்கிழமை காலை. டூராக்கின் அந்தப் பணக்காரத் தெரு காபிக் கோப்பையும் நாயுமாக வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தது. வாங்க வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் கோரி. இன்னொருவன், எங்கிருந்தோ முளைத்த இந்த மொட்டை.

இடப்பக்கத்து வீடு கோரியுடையது. வலப்பக்கத்து வீடும் அவனுடையதே. இரண்டையும் இடித்து மூன்று வருடமாக மாளிகை எழுப்புகிறான். நடுவில், பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூளாக இந்தக் கிழவியின் வீடு.

நல்ல விலை சொல்லி மூன்று கடிதம் போட்டான். மூன்றையும் உறை பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள்.

இப்போது அவளே ஏலத்துக்கு விட்டிருக்கிறாள். ஏலத்தில் முகம் பார்க்க முடியாது. கூடுதலாகச் சொன்னவனுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கோரிக்கு வயது முப்பத்திரண்டு. பதினாறிலேயே, பள்ளிக்கூடத்துப் பையன்கள் கணினி விளையாட்டுத் துப்பாக்கிகளைப் பந்தயம் வைக்க ஒரு கடை விரித்தவன். இருபத்திரண்டில் இணையச் சூதாட்டத் தளம். இந்த நாட்டுக்குள் நடத்தாதே என்றது சட்டம். சரி என்று மிச்ச உலகம் பூராவும் நடத்தினான். சூதாட்டத்தைக் காட்டமாட்டோம் என்றன நேரலைக் கம்பெனிகள். சரி என்று சொந்தமாகவே ஒரு நேரலைத் தளத்தைத் திறந்தான்.

கதவைச் சாத்தினால் சுவரை விலைக்குக் கேட்கிற ஜாதி.

இன்றைக்கும் நேரலைதான். "கிழவி வீட்டைத் தூக்குறேன், வந்து பாருங்க" என்று காலையிலேயே அறிவித்திருந்தான். உதவியாளர் பிரான்டி கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். அறுபதாயிரம் பேர் வந்திருந்தார்கள்.

"வாங்கட்டுமே. இன்னொரு வீட்டுத் தூசியையும் நாமதானே முழுங்கணும்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி, அவன் காதில் விழவேண்டும் என்றே.

"தூசிகூடப் பரவால்ல. மூஞ்சியத் தினம் பாக்கணுமே" என்றார் அவள் கணவர்.

"பதினஞ்சு" என்றான் கோரி.

மொட்டை கையைத் தூக்கினான். பேச்சே கிடையாது. காதைச் சொறிவதுபோல ஒரு கை.

"பதினாறு! சாருக்கு வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு!"

பிரான்டி கைப்பேசிக்குக் கேட்காமல் முணுமுணுத்தாள். "கோரி, போதும். பன்னெண்டுதான் எல்லைன்னு நீயே சொன்னே."

திரையில் வசை ஓடிக்கொண்டிருந்தது.

'என்ன தலைவா, மொட்டைக்கே பயந்துட்டியா?'

'எங்க காசுன்னா அள்ளி வைடான்னு சொல்வே. உன் காசுன்னா கை நடுங்குதோ?'

கோரி அதைப் படித்தான். விலகினால் ஒரு வீடு போகும், அவ்வளவுதான். ஆனால் விலகாதே, விலகாதே என்று பத்து வருடமாக அவன் விற்ற சரக்கு அறுபதாயிரம் பேர் முன்னால் நாறும்.

"இருபது!"



மொட்டையின் கை எழவில்லை.

"இருபது மில்லியன், ஒரு தரம்... ரெண்டு தரம்... சார், நீங்க?"

மொட்டை தலையை மட்டும் ஆட்டினான்.

"மூணு தரம்!"

யாரும் கைதட்டவில்லை. திரைதான் பட்டாசாக வெடித்தது. கோரி வெற்றிச் சிரிப்போடு எதிராளியைப் பார்க்கத் திரும்பினான்.

மொட்டை மூன்று விநாடி கல்லாக நின்றான். பிறகு இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டான். பிறகு மெல்ல, மெல்ல, சிரிக்கத் தொடங்கினான்.

கோரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த நடிப்பை அவனுக்குத் தெரியும். எழுதியவனே அவன்தான்.

அவன் தளத்தில் கேமரா முன் உட்கார்ந்து ஆடுகிற இருநூறு பேருக்கு ஒரு கையேடு உண்டு. தோற்றால் மூன்று விநாடி அசையாதே. இரண்டு கையும் தலையில். அப்புறம் சிரி. பார்க்கிறவனுக்குக் கை அரிக்க வேண்டும். அந்த இருநூறு பேரில் ஒருவன்கூடச் சொந்தக் காசு வைத்ததில்லை. எல்லாம் கோரி கொடுத்த காசு. பார்த்துவிட்டு வந்து ஆடுகிறவர்கள் வைத்ததுதான் நிஜக் காசு.

கேமராவுக்காக மாட்டும் ஊதா நிற விக்கைக் கழற்றிவிட்டால், அவர்களில் ஒருவனாக இருந்த ஜாரட்டின் தலை இப்படித்தான் இருக்கும். போன வருடம் கோரி ஒரே மின்னஞ்சலில் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிய நாற்பது பேரில் ஒருவன். இருபது மில்லியன் எங்கே, அவன் பையில் டிராமுக்கே காசு இருக்குமா என்பது சந்தேகம்.

வீட்டுக் கதவு திறந்தது. காலையிலிருந்து யாருக்கும் முகம் காட்டாத பெவர்லி வாசலில் நின்றாள்.

"களைச்சுப் போயிருப்பே, ஜாரட். உள்ள வா கண்ணு, டீ போட்டிருக்கேன்."

வாங்க வக்கில்லாதவனை நிறுத்தி விலை ஏற்றுவது இந்த ஊரில் குற்றம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏலத்தைக் கோர்ட்டுக்கு இழுத்துவிடலாம். கோரி வாயைத் திறந்தான்.

பிரான்டி கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "அந்த ஆளை உனக்குத் தெரியுமா?"

அறுபதாயிரம் பேர் காத்திருந்தார்கள். தெரியும் என்றால், எப்படித் தெரியும், யார் காசில் ஆடினான் என்றும் சொல்ல வேண்டும்.

"யாரோ" என்றான் கோரி. "நல்லாத்தான் மோதினான்."

திரையில் யாரோ எழுதினார்கள்: 'பாவம் மொட்டை. கொஞ்சத்துல போச்சு. அடுத்த வாட்டி அடிச்சிடுவான், பாரு.'