கடல்முயலின் மை

முதுகில் ஓடில்லாத நத்தை அது. கடல்முயல் என்பார்கள். மீன் நெருங்கினால் ஊதா மையைப் பீய்ச்சும். அந்தக் கசப்பு வாயில் பட்ட மீன் மறுபடி அதன் பக்கம் போகாது. தின்கிற சிவப்புப் பாசியிலிருந்துதான் மை உடம்பில் ஊறுகிறது. ஆராய்ச்சி நிலையத்தில் தொட்டிகளுக்குத் தீனி போடும் வேலைக்கு ஜெசிந்தா வந்த அன்றே இதைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் சிவப்புப் பாசிக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்ப் பாறையடியில் மூச்சடக்கிக் குனிய வேண்டும். முதுகுவலி விடவில்லை. படகுத்துறைப் படிகளில் வழித்த பச்சைப் பாசியையே மூன்று மாதமாகப் போட்டாள். அது முரண்டு பிடிக்காமல் தின்று கொழுத்தது.

இன்று காலை ஆய்வாளர் அதைக் குச்சியால் சீண்டினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இன்னொரு தடவை சீண்டினார்.

"என்னத்தம்மா போட்டீங்க இதுக்கு?"

ஜெசிந்தா படகுத்துறைப் படிகளைக் கைகாட்டினாள்.

"இனி இது எதுக்கும் ஆகாது. கடல்ல விட்டுருங்க."

வாளியோடு இறங்கினாள். இடுப்பளவில் நின்றதும் மீன்கள் காலை முட்டின. வாளிக்குள் கையை விட்டாள். பழகின விரல்மேல் அது மெதுவாக ஏறிப் பச்சைப் பாசியைத் தேடியது.

அவள் வாளியைக் கவிழ்க்கவில்லை. பாறைவரை நடந்து, அதன்மேல் வாளியை வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு கொத்துச் சிவப்புப் பாசியைப் பிடுங்கி உள்ளே போட்டாள். அது தலையால் ஒதுக்கிவிட்டு மறுபடி விரலுக்கே வந்தது.

"கசக்கத்தான் செய்யும்," என்றாள். "தின்னு."