கின்ஜி இனிமே வெளியேதான்

"முதல்ல அம்மாவை அனுப்பினே. இப்போ கின்ஜியையும் அனுப்பிட்டியா?"

ஆரஞ்சுத் தோப்பின் ஒற்றையடிப் பாதையில் குதிகால் செருப்போடு தடுக்கித் தடுக்கி வந்து சேர்ந்த ரிட்சுகோ, மூச்சு வாங்கிக்கொள்ளும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி மனைவி சிஹோ நிமிரவில்லை. முட்டி வரை மண். வாயில் இரண்டு ஆணி. மூன்றாவதைப் பலகையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

கின்ஜி, அம்மா வளர்க்கும் ஆமை. இருபது கிலோ. இருபத்திரண்டு வருஷமாகக் கூடத்தில் ஹீட்டர் பக்கத்தில், அம்மா போட்டுக்கொடுத்த மெத்தையில் படுத்தவன். "இவன் என் மூணாவது பிள்ளை" என்பாள் அம்மா. இடுப்பெலும்பு முறிந்து அவள் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

இன்று ஒசாகாவிலிருந்து வந்திறங்கிய ரிட்சுகோ முதலில் பார்த்தது, காலியாகக் கிடந்த அந்த மெத்தையைத்தான்.

"சிஹோ தோப்புக்குப் பின்னாடி கின்ஜிக்கு அடைப்பு கட்டுறா அக்கா. அது என்னன்னா..." என்று தம்பி இழுத்தான். அவன் முடிப்பதற்குள் இவள் டாக்சியில் ஏறியாகிவிட்டது.

"உன்னைத்தான் கேக்கிறேன். வீட்டை விட்டுத் துரத்திட்டியா அவனை?"

சிஹோ ஆணிகளை வாயிலிருந்து எடுத்தாள். "ஆமாக்கா. இனிமே அவன் வெளியேதான்."

"கொழுப்பைப் பாரு! அம்மா வயித்துல பொறந்த மாதிரி வளர்த்தாங்க. ஊரான் வீட்டுக் கொல்லையில கொண்டு வந்து தள்றியே, யார் இடம் இது?"

எதிரே ஏதோ பெரிய கட்டடத்தின் பின்பக்கம். கொடியில் வரிசையாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள். சமையலறைக் குழாயிலிருந்து ஆவி. விடுதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ரிட்சுகோ.

"சும்மா கிடைச்ச இடமில்லை. பதினோரு தடவை நடந்திருக்கேன். கட்டடத்துக்குள்ள மிருகம் கூடாதுன்னு ஒரு விதியாம். வெளியே கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு, காட்டுங்கன்னு நின்னேன். அந்த மேனேஜரால காட்ட முடியலை."

"அவனைத் தலைமுழுக இவ்வளவு பாடா?"

சிஹோ சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் ரிட்சுகோவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மூணு பக்கமும் பலகை, ஒரு பக்கம் அந்தக் கட்டடத்துச் சுவர். ஜெயில் மாதிரி. கம்பி வலையாவது அடிச்சா அவன் வேடிக்கை பார்த்துட்டு இருப்பான்ல?"

"வெளியே தெரிஞ்சா அங்கேயே போகணும்னு நாள் பூரா முட்டுவான். மூக்கு புண்ணாயிடும். பலகைன்னா பேசாம மேய்வான். மண்ணுக்குள்ளேயும் ஒரு அடி இறக்கியிருக்கேன், இல்லேன்னா தோண்டிட்டுக் கிளம்பிடுவான்."

"எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசாதே!"

"தெரியும் அக்கா. ஒரு வருஷமா அவன் மலத்தை நான்தானே அள்றேன்."

ரிட்சுகோவுக்கு முகம் சிவந்தது. "நான் தூரத்துல இருந்தாலும் என் கடமையில குறை வெச்சிருக்கேனா? வருஷா வருஷம் வீட்டுக்குப் பரிசு அனுப்பறேன், கோடையில முலாம்பழம், வருஷக் கடைசியில நண்டு. பெரிய கடைப் பெட்டி, என் பேர் எழுதின தாள் சுத்தி, கூரியர்ல! ஒரு தடவை தவறியிருக்கா?"

"தவறலை. போன வருஷம் நண்டு ரெண்டு நாள் முன்னாடியே வந்துச்சு... அக்கா, பேசிட்டே அந்தப் பலகையைப் பிடிங்க."

"நானா?"

"கின்ஜி போறான் பாருங்க!"

இன்னும் பலகை அடிக்காத இடைவெளியைப் பார்த்து ஆமை கிளம்பியிருந்தது. ரிட்சுகோ பதறிப்போய்க் கைப்பையைக் குறுக்கே வைத்தாள். கின்ஜி பையின் வாரைக் கவ்விக்கொண்டு முன்னேறினான். வேறு வழியில்லாமல் பலகையைத் தூக்கி, கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்துக்கொண்டே திட்டினாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிரையே விட்டுடுவாங்க. இரு, இன்னிக்கே அந்த இல்லத்துக்குப் போய் உன் லட்சணத்தைச் சொல்றேன்!"

"தாராளமா சொல்லுங்க." சிஹோ சுத்தியலை ஓங்கினாள். "வழி தெரியுமா?"

ரிட்சுகோ பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"டாக்சிக்காரனுக்குத் தெரியும்!"

சிஹோ கடைசி ஆணியைக் கடைசி வரை அடித்து முடித்தாள்.

அப்போது முதுகுப்பக்கம் தடதடவென்று ஜன்னல் திறக்கும் சத்தம். பையை விட்டுவிட்டுக் கின்ஜி கழுத்தை நீட்டினான். திரும்பினான். ஜன்னலடியைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தான். ஆமை இப்படி நடந்து ரிட்சுகோ பார்த்ததில்லை.

"வந்துட்டியாடா என் ராசா!"

அந்தக் குரலைக் கேட்டதும் ரிட்சுகோவின் கை பலகையிலேயே ஒட்டிக்கொண்டது.

ஜன்னலுக்குள் சக்கர நாற்காலியில் அம்மா. மடியில் ஒரு தட்டு முள்ளங்கிக் கீரை. ஒவ்வொரு தழையாகக் கீழே போட்டுக்கொண்டே கேட்டாள்:

"சிஹோ, அந்தப் பலகையைப் பிடிச்சுக்கிட்டு அப்போலேருந்து கத்துறாளே, யாரும்மா அது? இங்கே புதுசா வேலைக்குச் சேந்த பொண்ணா?"