முதல் கையெழுத்து

"முப்பது வருஷம் கொடி பிடிச்ச கை இது, மாப்பிள்ளை! தலைவருக்கு எதிரா கையெழுத்துப் போடாது!"

"புதுத் தலைவர் உங்க கிளைச் செயலாளர் பதவியைப் பிடுங்கப் போறார், மாமா! எல்லாரும் சேர்ந்து எதிர்த்து மனு கொடுத்தாத்தான் தப்பிக்கலாம்!"

அடுத்த வீட்டுச் சண்டை எங்கள் சமையலறை வரை கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். நாலு பேரிடம் சொல்ல வேண்டிய விஷயத்தை அரைகுறையாகக் கேட்கலாமா?

"அப்ப நீங்க முதல்ல போடுங்க, மாப்பிள்ளை."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் முந்துறதா? உங்க பேரைப் பார்த்தாத்தான் மத்தவங்க போடுவாங்க. நான் கடைசியில போடறேன்."

அப்படியொரு மரியாதை! பெரியவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. போட்டுவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாற்பது பேர் போட்டார்கள்.

மறுவாரம் பேப்பரில் கட்சி அறிக்கை வந்தது. நாற்பத்தோரு பேரும் நீக்கம். கட்சியினர் யாரும் அவர்களுடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. துரோகிகளை அடையாளம் காட்டியவருக்குத் தலைமை அலுவலகத்தில் பதவி. படத்தில் தலைவர் பக்கத்தில் மாப்பிள்ளை, பல்லெல்லாம் தெரிய.

மாப்பிள்ளையும் மகளும் தலைநகருக்குக் குடிபோகக் கார் வந்து நின்றது. மாமியாரும் கூடவே கிளம்பிவிட்டார். அவர் மகளிரணி ஆயிற்றே!

"நீங்க போகலையா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"என்கூட யாரும் தொடர்பு வச்சுக்கக் கூடாதும்மா. தலைவர் சொன்னா சொன்னதுதான்" என்றவர், மனைவியின் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார்.